கண் வறட்சி, வாய் வறட்சி, கால் மரப்பு: அம்மாவுக்கு மூன்றும் ஒரே நோயாம், இங்கே யாருக்காவது இருக்கிறதா?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிங்க.

அம்மாவுக்கு 52 வயது. பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை, 18 வருடமாக. மூன்று வருடத்துக்கு முன்னால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று ஆரம்பித்தது. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நாங்களும் விட்டுவிட்டோம், அவர் லைனில் பாதிப் பேருக்குக் கண் உறுத்தல் உண்டு. அப்புறம் வாய். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. முறுக்கு, பொரி எல்லாம் எப்போது நிறுத்தினார் என்று எங்களுக்கே தெரியவில்லை, ஒரு நாள் பார்த்தால் தொடுவதே இல்லை. மூன்று பல் ஈறு ஓரமாகவே அரித்து உடைந்து போனது.

கால் எரிச்சல் அதற்கப்புறம் வந்தது. ராத்திரி ஈரத்துணியைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு படுப்பார். எரிச்சல் போய் மரப்பு வந்தது. ஒரு நாள் கம்பெனியில் இருந்து ஒற்றைச் செருப்போடு வந்து வாசலில் நிற்கிறார். இன்னொன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை, கழன்றதே தெரியவில்லை. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

சர்க்கரை மூன்று தடவை பார்த்தோம், மூன்று மாத சராசரியோடு சேர்த்து. இல்லை. பி12 ஊசி பத்து போட்டோம். கழுத்து எம்ஆர்ஐ எடுத்து தேய்மானம் என்றார்கள், 52 வயதில் யாருக்குத்தான் தேய்மானம் இல்லை? ஒரு இடத்தில் மாதவிடாய் நிற்கிற வயசு, மனசுதான் காரணம் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அம்மா என்னிடம், "எனக்கு ஒண்ணுமில்லீன்னு சொல்றாங்க கண்ணு, நான்தான் நடிக்கறனாட்ட இருக்குது" என்றார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

கடைசியில் கோவையில் ஒரு நரம்பு டாக்டர். காலைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார், அம்மா ஆடிப்போய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "அழுதால் கண்ணீர் வருமாம்மா?" அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. போன வருடம் எங்கள் அப்பத்தா இறந்தபோது அம்மா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கடைசி இரண்டு வருடம் அப்பத்தாவுக்கு மலஜலம் எடுத்ததே அம்மாதான். ஆனால் இழவு வீட்டில் பெரியத்தை எல்லார் முன்னாலும், "மாமியா செத்ததுக்கு மருமக கண்ணுல தண்ணி வரலை பாருங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா அதை எங்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து அந்த டாக்டரிடம்தான் சொன்னார்.

கண்ணில் காகிதம் வைத்து 5 நிமிடம் பார்க்கும் சோதனையில் வலது கண் 2 மில்லிமீட்டர், இடது கண் 3. ரத்தத்தில் எஸ்எஸ்ஏ என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ். நரம்பு ஓட்டச் சோதனையில் கை, கால் இரண்டிலும் உணர்ச்சி நரம்புகள் பதிலே தரவில்லை. நோயின் பெயர் ஷோகிரன். அது நரம்பு முடிச்சைத் தாக்கியிருக்கிறது என்கிறார். ஐவிஐஜி என்ற மருந்து 5 நாள் ஏற்ற வேண்டும், அதற்கு முன் உடம்பு முழுக்க ஸ்கேன் என்கிறார்கள். புற்றுநோய் பார்ப்பதற்கு என்று ஸ்கேன் சீட்டில் இருக்கிறது. வீட்டில் ஒரே அழுகை. யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்க.


காங்கயத்தான்

சர்க்கரை இல்லை என்று உறுதியாகத் தெரியுமா தங்கச்சி? எங்கள் மாமாவுக்கும் இதே மாதிரிதான், கடைசியில் சர்க்கரை என்றார்கள்.


நொய்யல்கரை

மூன்று தடவை பார்த்தாச்சுங்கண்ணா. வெறும் வயிற்றில், சாப்பிட்டு, மூன்று மாத சராசரி, எல்லாம் நார்மல்.


மஞ்சள்காடு (கோபி)

அம்மிணி, முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லு, அவர் நடிக்கவில்லை என்று. எனக்கு இந்த நோய் ஒன்பது வருடமாக இருக்கிறது.

இது நம் உடம்பின் எதிர்ப்புப் படையே ஈரம் சுரக்கும் சுரப்பிகளைப் போய்த் தாக்குகிற நோய். கண்ணீர்ச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி இரண்டும் முதலில். பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் 40, 50 வயதுக்காரிகள். அதனால்தான் எதைச் சொன்னாலும் வயசு, மனசு என்று தள்ளிவிடுகிறார்கள். ஹென்ரிக் ஷோகிரன் என்று ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டர், 1933இல் 19 பெண்களைப் பார்த்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார், அவர் பெயர்தான் நோய்க்கு. நம் ஊர் டாக்டர்கள் ஜோகிரன் என்பார்கள், குழம்ப வேண்டாம்.

எனக்கு வறட்சிக்கு முன்னாலேயே நரம்புத் தொந்தரவு வந்துவிட்டது. அது பல பேருக்கு அப்படித்தான் வரும். உள்ளங்காலில், தொடையில், சில நாள் முகத்தில்கூட, மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி எரியும். போர்வை பட்டால் வலிக்கும். நரம்பு ஓட்டச் சோதனை எடுத்தால் எல்லாம் நார்மல். நார்மல் என்று காகிதத்தில் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் நம்ப மாட்டார்கள், வீட்டுக்காரர் உட்பட. இரண்டு வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு டாக்டர் சொன்னார், அந்தச் சோதனை தடித்த நரம்புகளை மட்டும்தான் பார்க்கும், வலியையும் சூட்டையும் சொல்கிற மெல்லிய நரம்பிழைகள் அதில் தெரியாது என்று. அதற்குக் காலில் இரண்டு இடத்தில் தோலை ஊசிமுனை போலக் கிள்ளி எடுத்து, அதில் இழை எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எனக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தது. சிறு நரம்பிழை நோய் என்று பெயர்.

எனக்கு எஸ்எஸ்ஏ நெகட்டிவ், இதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் இல்லை என்பதற்காக இந்த நோயே இல்லை என்று ஆகாது. நரம்பில் மட்டும் காட்டுகிறவர்களுக்கு ரத்தம் சுத்தமாக வருவது நிறைய. கீழ் உதட்டின் உள்பக்கம் சின்னதாகக் கீறி, கடுகு மாதிரி நாலைந்து சுரப்பிகளை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள், அதில்தான் உறுதியானது. மரக்க ஊசி போடுவார்கள், ஒரு வாரம் காரம் கூடாது, அவ்வளவுதான். பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் நிறைய எழுதுவார்கள். எரிச்சலுக்கு நல்ல மருந்துதான், ஆனால் வாயையும் கண்ணையும் இன்னும் காய்த்துவிடும். எனக்கு அதைக் கொடுத்த மாதம் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ராத்திரி மூச்சு முட்டி எழுந்தேன். காபாபென்டின், பிரிகாபலின் மாதிரி வேறு மருந்து இருக்கிறது. டாக்டரிடம் "எனக்கு வறட்சி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்குங்கள். அவர் நரம்பைத்தான் பார்க்கிறார், வாயை நாம்தான் சொல்ல வேண்டும். நானே கண் டாக்டரிடம் காலைச் சொன்னதில்லை, நரம்பு டாக்டரிடம் கண்ணைச் சொன்னதில்லை, பல் டாக்டரிடம் இரண்டையும் சொன்னதில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு மருந்து கொடுத்தார்கள். மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சம்.


பேரூர்ப்படித்துறை (கோவை)

நான் நரம்புப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன், 11 வருடமாக. டாக்டர் இல்லை, ஆனால் இந்தச் சோதனையைத் தினமும் என் கையால்தான் எடுக்கிறேன். தங்கச்சியின் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் எது முதலில் காயும்? கடைமடை. சர்க்கரையில் நரம்பு கெடுவது அப்படித்தான். மிக நீளமான நரம்பு எதுவோ அதன் நுனி முதலில் போகும், பாதம் மரக்கும், முழங்கால் வரை ஏறும், அப்புறம்தான் கை விரல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பது கடைமடைக் கோளாறு இல்லை, தலைமடையிலேயே அடி விழுந்திருக்கிறது. உணர்ச்சி நரம்பின் செல் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் சின்ன முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. அந்த முடிச்சைத் தாக்கினால் நுனி, நடு என்று வித்தியாசமே கிடையாது. கை, கால், முகம், எங்கே வேண்டுமானாலும், ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ரத்தத்தில் இருந்து கண்டதும் நுழையாமல் ஒரு தடுப்பு இருக்கிறது. இந்த முடிச்சு அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அதனால் எதிர்ப்புச் செல்கள் சுலபமாக உள்ளே போய்விடுகின்றன.

தசையை அசைக்கும் நரம்பின் செல் தண்டுவடத்துக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆகையால் பலம் அப்படியே இருக்கும். அம்மாவைக் காலை உதைக்கச் சொல்லிப் பாருங்கள், நன்றாக உதைப்பார். ஆனால் கால் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஒன்று கேட்கிறேன் தங்கச்சி, முகம் கழுவும்போது அம்மா தடுமாறுகிறாரா?


நொய்யல்கரை

அண்ணா, எப்படித் தெரியும் உங்களுக்கு? ஆறு மாதமாக அம்மா முகம் கழுவும்போது இடது முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு ஒரு கையால்தான் கழுவுகிறார். சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் தள்ளுது என்பார். தலைசுற்றல் என்று நினைத்தோம். கரண்ட் போனால் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. அம்மா பூக் கட்டினால் நெருக்கமாக, ஒரு முழத்துக்குள் காம்பே தெரியாமல் கட்டுவார். டிவி பார்த்துக்கொண்டே கட்டுவார், கையைப் பார்க்கவே மாட்டார். இப்போது கையைப் பார்த்துக்கொண்டே கட்டினாலும் நார் நழுவுகிறது. கையை நீட்டிச் சும்மா வைத்திருந்தால் விரல்கள் தானாக, யாரோ வீணை வாசிப்பது மாதிரி அசைகின்றன. பிசிர் வெட்டும்போது துணியையே வெட்டிவிட்டார் என்று சூபர்வைசர் திட்டியிருக்கிறார்.


பேரூர்ப்படித்துறை

ஆமாம் தங்கச்சி, அதேதான். விரல் இருக்கிற இடம் மூளைக்குப் போய்ச் சேராததால் விரல் அலைகிறது. டாக்டர் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார்.

ஸ்கேன் பற்றிப் பயப்படாதீர்கள். இதே முடிச்சை வேறு சில காரணங்களும் கெடுக்கும். உள்ளே எங்காவது, முக்கியமாக நுரையீரலில், கட்டி இருந்தால் அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் இந்தச் செல்களையும் தாக்கும். அது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன். கட்டி இருக்கிறது என்று சந்தேகப்பட்டு எழுதினார் என்று அர்த்தமில்லை, இந்த மாதிரி கேஸ் வந்தால் எல்லாருக்கும் எழுதுவார்கள்.

அப்புறம், அம்மா நரம்பு மாத்திரை என்று கடையில் வாங்கித் தானாகச் சாப்பிடுகிறாரா? வைட்டமின் பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே இந்த முடிச்சைக் கெடுக்கும். மரப்புக்குச் சாப்பிடும் மாத்திரையே மரப்பைக் கூட்டும். பட்டையைத் திருப்பிப் பாருங்கள், எவ்வளவு மில்லிகிராம் என்று டாக்டரிடம் காட்டுங்கள்.


நொய்யல்கரை

சாப்பிடுகிறார் அண்ணா. இரண்டு வேளை, ஒன்றரை வருடமாக. இன்றைக்கே அட்டையை போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறேன்.


ஆழியாறு (பொள்ளாச்சி)

நரம்பு என்று வந்ததால் நான் ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கச்சிக்கு 34 வயது. ஒரு நாள் விடிகாலை பால் கறக்க எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தூக்க முடியவில்லை, தலையணையில் இருந்து தலையே எழும்பவில்லை. பக்கவாதம் என்று நினைத்து 108 கூப்பிட்டோம். வழியில் ஒரு இடத்தில் குளுகோஸ் போட்டார்கள், இன்னும் மோசமானது. கோவை போய்ப் பார்த்தால் பொட்டாசியம் 1.8. சாதாரணமாக 3.5க்கு மேல் இருக்க வேண்டியது. பொட்டாசியம் ஏற்றினார்கள், இரண்டாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தது. நாங்கள் ஏதோ பலவீனம் என்று விட்டோம். எட்டு மாதத்தில் மறுபடியும். மூன்றாவது தடவை கிட்னி டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர்தான் விளக்கினார். இந்த ஷோகிரன் நோய் சிறுநீரகக் குழாய்களையும் தாக்குமாம். அமிலத்தை வெளியேற்ற முடியாமல் ரத்தம் புளித்துப் போகும், பொட்டாசியம் சிறுநீரில் ஓடிவிடும், பொட்டாசியம் இறங்கினால் தசை நின்றுவிடும். நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு நரம்பு வியாதி மாதிரியே இருக்கும். குளுகோஸ் ஏற்றினால் பொட்டாசியம் செல்லுக்குள் போய் ரத்தத்தில் இன்னும் குறையும், அதனால்தான் அன்றைக்கு மோசமானது. அந்த டாக்டர் கேட்டதும் இதே கேள்விதான், வாய் காய்கிறதா, கண் உறுத்துகிறதா என்று. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடிக்கு எல்லாருக்கும்தான் கண் உறுத்தும், வாய் காயும், அதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

இப்போது பொட்டாசியம் சிட்ரேட் கரைசல் தினமும் குடிக்கிறது. மூன்று வருடமாக ஒரு தடவையும் விழவில்லை. ஒரு சீட்டில் "குளுகோஸ் போடாதீர்கள், முதலில் பொட்டாசியம் பாருங்கள்" என்று டாக்டரிடமே எழுதி வாங்கி அதன் பர்சில் வைத்திருக்கிறோம்.


காங்கயத்தான்

எல்லாம் சரிங்க, ஆனால் ஐவிஐஜி, அது இது என்று லட்சக்கணக்கில் செலவு பண்ணுவதற்கு முன்னால் நம் பக்கத்து வைத்தியம் பார்க்கலாமே. உடம்பு சூடுதான் எல்லாத்துக்கும் காரணம். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல், கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூச்சாறு, காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம். எங்கள் அம்மாயி 90 வயது வரை அப்படித்தான் இருந்தார்.


மஞ்சள்காடு

தம்பி, நல்ல மனசோடுதான் சொல்கிறாய், தெரியும். எண்ணெய்க் குளியல் நானும் எடுக்கிறேன், தோல் வறட்சிக்கு இதமாக இருக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை.

ஆனால் கண்ணில் எதையும் பிழியாதீர்கள். கண்ணீர் இல்லாத கண்ணின் கருவிழி, உழாத மேட்டுக்காடு மாதிரி வெடித்துக் கிடக்கும். அதில் கிருமி ஒட்டினால் புண்ணாகி வெள்ளை விழுந்துவிடும். கண்ணீர் மாதிரியான சொட்டு மருந்து, அதிலும் கெடாமல் இருக்க மருந்து கலக்காத சின்னச் சின்னக் குப்பியாக வருவது, அதுதான் நாள் முழுக்கப் போடுகிறவர்களுக்கு நல்லது. ராத்திரிக்குக் களிம்பு.

சுடுதண்ணி ஒத்தடம் வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. நான் கொப்புளம் வந்த பிறகு வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், ஆற ஏழு வாரம் ஆனது. தண்ணீரைக் கையாலும் பார்க்காதீர்கள், கையும் மரத்திருக்கும். வீட்டில் வேறு ஒருத்தர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

சாப்பாட்டுக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் எனக்குப் பெரிய உதவி, மென்று முழுங்கச் சிரமமே இல்லை. ராகிக் களி, தண்ணியாக அரிசிம்பருப்பு. புளிப்பு மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறும் என்பார்கள், ஊறும்தான், பல்லும் போகும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள். நாக்கு சிவந்து எரிந்தால் அது காளான் தொற்றாக இருக்கும், அதற்குத் தனி மருந்து உண்டு.


காங்கயத்தான்

சரிங்கக்கா. கண் விஷயம் எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள்கிறேன்.


அமராவதிக்கரை (உடுமலை)

என் மகளுக்கும் இந்த நோய்தான், ஆனால் வந்த விதம் வேறு. இடுப்பைச் சுற்றி அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டிய மாதிரி இருக்கிறது என்றாள். மூன்றே நாளில் இரண்டு காலும் போய், சிறுநீர் கழிக்க முடியவில்லை. எம்ஆர்ஐயில் தண்டுவடம் நீளமாக வீங்கியிருந்தது. முதலில் எம்எஸ் என்றார்கள், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகிற நோய். அப்புறம் அக்வாபோரின்-4 என்று ரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள் பார்த்தார்கள், பாசிட்டிவ். அது என்எம்ஓ என்ற வேறு நோய், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குவது, ஷோகிரன் இருக்கிறவர்களுக்குச் சேர்ந்தே வரக்கூடியது. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கிற சில மருந்துகள் என்எம்ஓவைக் கிளப்பிவிடும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம் என்றார் டாக்டர். உடனே ஸ்டீராய்டு ஏற்றி, ரத்தத்தின் நீரை மாற்றினார்கள். இப்போது ஒற்றைக் கோல் வைத்து நடக்கிறாள், பி.எட். முடித்துவிட்டாள்.

இந்த நோய் உள்ள யாருக்காவது திடீரென்று காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, ஒரு கண் வலித்துப் பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் ஒரு ராத்திரி காத்திருந்தோம்.


சாமளாபுரம்_மருமகள்

நான் 3 மாதக் கர்ப்பம். எஸ்எஸ்ஏ பாசிட்டிவ் என்று இரண்டு வருடம் முன்னால் வந்தது. வறட்சி லேசாகத்தான். இந்த இழையைப் படித்துப் பயமாக இருக்கிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?


மஞ்சள்காடு

பயப்படாதே கண்ணு. அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிற பிரச்சினை வரலாம், மற்ற 98 குழந்தைகளுக்கு அது வராது. ஆனால் பிரசவ டாக்டரிடம் எஸ்எஸ்ஏ என்று வாய்விட்டுச் சொல்லிவிடு, 16ஆவது வாரத்தில் இருந்து குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் பார்ப்பார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கிற ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீயாக நிறுத்தாதே. இதைத் தனி இழையாகப் போடு, இன்னும் நாலு பேர் சொல்வார்கள்.


நொய்யல்கரை

ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. கட்டி எதுவும் இல்லைங்க. பேரூர் அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டித்தான் ஸ்கேனுக்கே கூட்டிப் போனேன்.

திங்கட்கிழமை அட்மிஷன். அம்மா 55 கிலோ, ஐவிஐஜி ஒரு நாளைக்கு 22 கிராம் வீதம் 5 நாள். அதற்கப்புறம் எதிர்ப்புச் செல்களைக் குறைக்கிற ரிட்டுக்சிமாப் என்ற மருந்து பற்றி யோசிக்கலாம் என்கிறார் டாக்டர். முழுசாகச் சரியாகுமா என்று கேட்டேன். செத்த செல் திரும்ப முளைக்காதும்மா, சாகாமல் தவித்துக்கொண்டிருப்பதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம், அதனால்தான் அவசரப்படுகிறேன் என்றார். உண்மையைச் சொன்னதற்கு நன்றியாக இருந்தது, ஆனால் வெளியே வந்து லிப்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.


பேரூர்ப்படித்துறை

ரிட்டுக்சிமாப் போடுவதற்கு முன்னால் மஞ்சள்காமாலை பி வைரஸ் சோதனை கட்டாயம். பழைய தொற்று உள்ளே இருந்தால் அந்த மருந்து கிளப்பிவிடும். தடுப்பூசிகளும் முன்னாலேயே போட்டுவிடுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது சேரும், எது சேராது என்று அட்மிஷனுக்கு முன்பே கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

மருந்தை விடப் பயிற்சி குறைந்ததில்லை தங்கச்சி. பிரெங்கல் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. தரையில் கோடு போட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாகக் காலை எடுத்து வைப்பது. தெரியாமல் போன காலைக் கண் வழியாக மூளைக்குத் திரும்பப் பழக்குவது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். ராத்திரி பாத்ரூம் வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். செருப்புக்குப் பின்னால் வார் வைத்துத் தைத்துக் கொடுங்கள்.

படுத்திருந்து எழும்போது கண் இருட்டுகிறதா என்றும் பாருங்கள். படுத்தபடி ஒரு பிரஷர், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு பிரஷர். மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக இயங்கும் நரம்புகளையும் இந்த நோய் தொடும்.


நொய்யல்கரை (நான்கு மாதம் கழித்து)

நிறையப் பேர் தனியாகக் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஐவிஐஜி மூன்று சுற்று முடிந்தது. முதல் சுற்றில் இரண்டு நாள் கடும் தலைவலி, மற்றபடி பரவாயில்லை. பி6 மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். பாத மரப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மேலே ஏறவில்லை, கை கொஞ்சம் தேவலை. ரிட்டுக்சிமாப் முதல் டோஸ் போட்டாச்சு, 1 கிராம், இரண்டு வாரத்தில் இரண்டாவது. கம்பெனிக்குப் போவதில்லை. வீட்டு முற்றத்தில் நான் சாக்பீஸில் போட்ட கோட்டில் காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். முதல் மாதம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், இப்போது பிடிப்பதில்லை.

போன வாரம் கண்ணுக்கு மறுபடியும் காகிதம் வைத்தார்கள். 2 மில்லிமீட்டர்தான். அம்மா அந்த நர்ஸிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கி, மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். எதுக்கும்மா என்றேன், பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியத்தை வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா பர்சைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டி, "இவ்வளவுதானுங் அண்ணி என் கண்ணுல வர்ற தண்ணி" என்றார். நுனியில் ஒரு கோடு மாதிரி லேசான ஈரக்கறை, அவ்வளவுதான். பெரியத்தை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர்தான் அழுதார். அம்மாவுக்கு அப்போதும் வரவில்லை.

ஒரு சந்தேகம். கண்ணீர் வடிந்து மூக்குக்குப் போகிற துளையில் சின்ன அடைப்பு வைத்தால் இருக்கிற கண்ணீராவது கண்ணில் நிற்கும் என்கிறார் கண் டாக்டர். யாராவது வைத்திருக்கிறீர்களா? வலிக்குமா?


மஞ்சள்காடு

நான் வைத்திருக்கிறேன் அம்மிணி, கீழ் இமை இரண்டிலும். பத்து நிமிட வேலை, மரக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், வலி கிடையாது. கண்ணை மட்டும் கசக்கக் கூடாது, கசக்கினால் விழுந்துவிடும். எனக்கு ஒன்று விழுந்து திரும்ப வைத்தார்கள். இமை வீங்கிச் சிவந்திருந்தால் அதைச் சரி பண்ணிவிட்டு வைக்கச் சொல்லு. அம்மாவைக் கோபிக்கு ஒரு நாள் கூட்டிட்டு வா, சந்தகை பிழிந்து வைக்கிறேன்.